கூலிங் கேட்கும் நாக்கு

டாஸ்மாக் கவுன்ட்டரில் பீர் வாங்குகிறவர் கேட்கும் கேள்விகள் மொத்தம் இரண்டு. "கூலிங் இருக்குதுங்களா?" முதலாவது. "ஸ்ட்ராங்குதானுங்க?" இரண்டாவது. பிராண்டு பெயர் மூன்றாவதாக வரலாம், வராமலும் போகலாம். கேட்டது இல்லையென்றால் இருப்பதை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவோம், பின்னாடி வரிசை நிற்கிறது. முதல் கேள்வி வெப்பநிலையைப் பற்றியது. இரண்டாவது ஆல்கஹாலைப் பற்றியது. ருசிக்கு அங்கே கேள்வியே கிடையாது.

ஆனால் ருசியைப் பற்றிக் கருத்து இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. கணபதியிலிருந்து சத்தி ரோட்டில் சரவணம்பட்டி வரைக்கும் லேத்துப் பட்டறைக்காரரிலிருந்து ஐடி கம்பெனிப் பையன் வரை யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பீர்னாலே கசக்கும்ங்க." பெங்களூருக்கு வேலைக்குப் போன நண்பர்கள் இதையே இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்வார்கள். ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும் லாகரை ஒருமுறை குடித்துப் பார்த்த ஒருவனின் தீர்ப்பு இது: "வேப்பங்கொழுந்த அரைச்சு சோடாவுல கலக்குன மாதிரி இருந்துச்சு மாப்ள. ஏறவும் இல்ல."

இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்பின் மீதான விமர்சனம். ஹாப்ஸ் கிட்டத்தட்ட இல்லாத பீரை வருடக்கணக்காகக் குடித்துவிட்டு ஹாப்ஸைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்கிறோம். நாம் கசப்பு என்று குற்றம் சாட்டுவது பெரும்பாலும் கசப்பே இல்லை.

1

அடிப்படையிலிருந்து தொடங்கலாம். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண்பூ. கஞ்சாச் செடியின் குடும்பம்தான், ஆனால் அந்த போதை இதில் கிடையாது. பூவிதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடி மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அதில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று பிசின், இன்னொன்று வாசனை எண்ணெய். பார்லிச் சாற்றோடு சேர்த்து நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் பிசினில் இருக்கும் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும். அதே கொதியில் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். கொதி முடியும்போதோ, நொதித்த பிறகு குளிர்ந்த பீரிலோ ஹாப்ஸைப் போட்டால் நடப்பது தலைகீழ்: மணம் தங்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. ரசத்தில் கொத்தமல்லித் தழையை எப்போது போடுவது என்று தெரிந்த எந்த வீட்டிலும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே 'ஹாப்ஸ் தூக்கலான லாகர்' என்றால் 'கசப்பு தூக்கலான லாகர்' என்று அர்த்தமில்லை. இந்த ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

லாகர் என்ற சொல்லின் ஜெர்மன் வேர் 'சேமித்து வைத்தல்' என்பது. ஏல் வகை பீர் சுமார் 20 டிகிரியில் சீக்கிரம் நொதித்துப் பழ வாசனைகளை உண்டாக்கும். லாகர் ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாக வேலை செய்து, பிறகு உறைநிலைக்கு அருகில் வாரக்கணக்கில் கிடந்து தெளியும். ஈஸ்ட் தன் குரலை அடக்கிக்கொள்வதால் தானியமும் ஹாப்ஸும் தண்ணீரும் அப்படியே தெரியும். தப்பு நடந்தால் அதுவும் தெரியும். மறைத்துக்கொள்ள இடமில்லாத பீர் அது.

2

உலக அளவில் ஹாப்ஸ் லாகரைப் பற்றி பீர் குடிப்பவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

முதல் கட்சி தூய்மைவாதிகள். லாகர் என்றால் மென்மை, தெளிவு. அதில் ஹாப்ஸைக் கொண்டுவந்து கொட்டுவது கர்நாடகக் கச்சேரியில் ட்ரம்ஸ் அடிப்பது மாதிரி என்பது இவர்கள் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. வரலாறுதான் ஒத்துழைக்க மறுக்கிறது. இன்று உலகம் குடிக்கும் பொன்னிற லாகரின் மூதாதை 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரத்தில் பிறந்தது. ஊர் பீர் சகிக்கவில்லை என்று 1838இல் அந்த ஊர்க்காரர்கள் பீப்பாய் பீப்பாயாகத் தெருவில் கொட்டினார்கள். பிறகு புது ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசஃப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். வெளிர் மால்ட், மிக மென்மையான உள்ளூர்த் தண்ணீர், பக்கத்து சாட்ஸ் பகுதியின் ஹாப்ஸ். இவற்றை வைத்து அவர் செய்த பீர் அன்றைக்கே நல்ல கசப்போடு, ஹாப்ஸ் மணத்தோடுதான் இருந்தது. அதாவது மூலப்பிரதியே ஹாப்ஸ் தூக்கலானது.

பிறகு நடந்தது ஒரு நீண்ட நீர்த்துப்போதல். பீர் நடுவர்களுக்கான பிஜேசிபி அமைப்பின் 2021 வகைப்பாட்டைப் பார்த்தால் எண்களிலேயே தெரியும். செக் நாட்டு உயர்தர வெளிர் லாகருக்குக் கசப்பு 30 முதல் 45 ஐபியூ. ஜெர்மன் பில்ஸுக்கு 22 முதல் 40. உலகச் சந்தைக்கான வெளிர் லாகருக்கு 18 முதல் 25. அமெரிக்க லாகருக்கு வெறும் 8 முதல் 18. யாருக்கும் பிடிக்காமல் போய்விடக் கூடாது என்று செய்யப்படும் பண்டத்துக்கு நேரும் கதி இது. தூய்மைவாதி 'மரபு' என்று காப்பாற்ற நினைப்பது மரபின் கடைசி நகலை.

இரண்டாவது கட்சி ஹாப்ஸ் வெறியர்கள். ஐபிஏ குடித்துப் பழகியவர்கள். லாகரே இவர்களுக்குத் தண்ணீர், ஹாப்ஸ் போட்ட லாகர் 'பயந்தாங்கொள்ளி ஐபிஏ'. மூன்றாவது கட்சி, இதே ஐபிஏவைக் குடித்துக் களைத்தவர்கள். மாம்பழமும் பப்ளிமாஸும் பிசினுமாக நாக்கு மரத்துப்போன பிறகு, "அந்த மணம் வேணும், ஆனா இரண்டாவது கிளாஸும் குடிக்க முடியணும்" என்று லாகருக்குத் திரும்பியவர்கள். மதிப்பெண் போடும் செயலிகளில் இரண்டாம் கட்சியின் கைதான் ஓங்கியிருக்கும். ஒரு வாய் சுவைத்துவிட்டு ஐந்துக்கு இத்தனை என்று போடும் முறையில் சத்தம் அதிகமான பீர்தான் ஜெயிக்கும். லாகரின் நற்குணம் மூன்றாவது கால்மணி நேரத்தில்தான் தெரியவரும். அதுவரை காத்திருந்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

என் தரப்பு எது? மூன்றாம் கட்சியின் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. 1996இல் இத்தாலியின் பிர்ரிஃபீச்சோ இத்தாலியானோ ஆலையில் அகோஸ்தினோ அரியோலி செய்த 'டிப்போபில்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. ஆங்கிலேய ஏல்களில் குளிர்ந்த பீருக்குள் ஹாப்ஸைப் போட்டு ஊறவைக்கும் பழக்கம் உண்டு. அதை எடுத்து ஜெர்மன் பாணி பில்ஸில் செய்து பார்த்தார். புல், பூ, மூலிகை என்று மணம் எழும்பியது. அடியில் ரொட்டி வாசனையோடு தானியம் அப்படியே இருந்தது. இங்கேதான் என் அளவுகோல்: ஹாப்ஸ் வந்து போன பிறகும் தானியம் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அது ஹாப்ஸ் லாகர். 'இந்தியா பேல் லாகர்' என்ற பெயரில் வரும் சிலவற்றில் சிட்ரா மாதிரியான அமெரிக்க ஹாப்ஸை அள்ளிக் கொட்டி லிச்சி ஜூஸ் ஆக்கியிருப்பார்கள். வாரக்கணக்கில் குளிரில் வைத்துத் தெளியவைத்த வேலை எல்லாம் எங்கே போனது என்றே தெரியாது. அதை லாகராகச் செய்ததற்குக் காரணம் லேபிளைத் தவிர வேறில்லை. அந்த இடத்தில் மட்டும் தூய்மைவாதியின் கோபம் நியாயமானது.

3

நம் ஊர்க் கருத்து இந்த மூன்று கட்சியிலும் சேராது. நாம் நான்காவது கட்சி: "கசக்குது, ஏறல."

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. இது துல்லியமான கணக்கு. 650 மில்லி பாட்டிலில் 4.8 சதவீத லாகர் என்றால் உள்ளே இருக்கும் ஆல்கஹால் 31 மில்லி. 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 52 மில்லி. பாட்டிலின் கொள்ளளவு ஒன்றுதான், விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. நாள் முழுக்க மிஷின் முன்னால் நின்றவன் எதை எடுப்பான் என்பதற்கு இன்ஜினியரிங் டிகிரி தேவையில்லை. இந்தியாவில் விற்கும் பீரில் மிகப்பெரும் பங்கு ஸ்ட்ராங்தான் என்பதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

ஆனால் அந்தக் கணக்குக்கு நாக்கு ஒரு விலை கொடுக்கிறது. ஆல்கஹாலை ஏற்ற மால்ட்டோடு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை எல்லாம் சேர்கின்றன. இவை நொதிக்கும், ருசியைச் சேர்க்காது. ஹாப்ஸ் பெயருக்குத்தான். முழுங்கும்போது தொண்டையில் பிடிப்பது ஆல்கஹாலின் சூடு. தமிழில் அதற்குத் தனியாக வார்த்தையே இருக்கிறது: கமறல். சரியாக வேகாத சேனைக்கிழங்கு செய்வது காறல். மிளகாய் தாளித்த புகை செய்வது கமறல். பாகற்காய் செய்வது கசப்பு. மூன்றும் வேறு வேறு என்று நம் எல்லோருக்கும் தெரியும். பீர் என்று வந்ததும் மூன்றையும் 'கசப்பு' என்று ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம். பிறகு நிஜமான ஹாப்ஸ் கசப்பு ஒருநாள் வாய்க்கு வரும்போது, அந்த டப்பாவின் பெயரைச் சொல்லியே அதைத் தண்டித்துவிடுகிறோம்.

'கூலிங்' கேள்விக்கும் இதில் பங்குண்டு. பீர் பனிக்கட்டிக்கு அருகில் இருந்தால் நாக்கு பாதி மரத்துவிடும், மணமும் மேலே எழாது. கமறல் தெரியாமல் இருக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. கூலிங் கேட்பவர் ருசி தெரியாதவர் என்று நினைக்க வேண்டாம். பாட்டிலுக்குள் இருப்பதைச் சரியாக மதிப்பிட்டுவிட்டதால்தான் கூலிங் கேட்கிறார்! சிக்கல் என்னவென்றால், அதே குளிரில் ஹாப்ஸ் லாகரைக் கொடுத்தால் அதன் மணமும் செத்துவிடும், கசப்பு மட்டும் எஞ்சும். இன்னொன்று, ஹாப்ஸ் மணம் சூட்டுக்கும் காலத்துக்கும் முதல் பலி. ஆலையிலிருந்து கடை வரை குளிரிலேயே வந்தால்தான் பிழைக்கும். நம் ஊர் வெயிலில் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்து, கடைசி அரைமணி நேரம் மட்டும் ஃப்ரிட்ஜைப் பார்த்த பாட்டிலில் ஹாப்ஸைத் தேடுவது வீண்.

விவரம் இல்லாத இடத்தில் வதந்தி வளரும். இந்தியா முழுக்கச் சுற்றும் ஒன்று, 'நம்ம பீர்ல கிளிசரின் கலக்கறாங்க' என்பது. நிரூபணமும் கூடவே வரும்: திறந்த பாட்டிலைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாகக் கவிழ்த்தால் 'கிளிசரின்' கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரியுமாம். இறங்குவது பீர்தான். நொதிக்காத மாவுச்சத்து மிச்சங்கள் இருப்பதால் பீர் தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தி, அதனால் இறங்குகிறது. ஜெர்மன் பீரைக் கவிழ்த்தாலும் இறங்கும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அறிவியல் பிழை அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் டம்ளரில் சொந்தமாகப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான்.

4

'எல்லாம் டாஸ்மாக்கால் வந்த வினை, தேர்வு கிடைத்தால் நாக்கு தானாகத் திருந்தும்' என்று முடித்துவிடலாம். பெங்களூர் அப்படி முடிக்க விடவில்லை. 2010இல் இந்திராநகரில் 'டாய்ட்' திறந்த பிறகு அங்கே சிற்றாலைகள் பெருகின. எந்த வகையும் செய்யலாம் என்ற நிலை. அதிகம் ஓடியது எது? கோதுமை பீர். வாழைப்பழம், கிராம்பு, ஆரஞ்சுத் தோல் வாசனைகளோடு, கசப்பு நாக்கைத் தொடாத பீர். 2015இல் வந்த 'பிரா 91' தன் வெள்ளை பீரை விற்றதே கசப்புக் குறைவு என்று சொல்லித்தான். ஸ்ட்ராங் லாகர் 'கசப்பு' என்ற சொல்லை அவ்வளவு கெடுத்து வைத்திருந்தது. தப்பித்து வந்தவர்கள் கசப்பே இல்லாத இடத்துக்கு ஓடினார்கள். தேர்வு மட்டும் போதாது. எதைத் தேர்கிறோம் என்று சொல்ல வார்த்தை வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. உலகம் முழுக்க ஹாப்ஸ் பீருக்கு அடையாளமான ஐபிஏவில் 'ஐ' என்பது இந்தியா. லண்டன் கப்பல்துறைக்குப் பக்கத்தில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலையிலிருந்து, பிறகு பர்ட்டனிலிருந்து, வெள்ளைக்காரர்கள் குடிக்க இங்கே இறக்குமதியானது அது. பெயரில் நாம் இருந்தோம், மேஜையில் இல்லை. மலைமேல் நமக்குப் பக்கத்திலேயே நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே பீர் ஆலைகள் இருந்தன. தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை இணைத்து 1915இல் தாமஸ் லீஷ்மன் உருவாக்கிய யுனைடெட் ப்ரூவரீஸின் கதையில் நீலகிரிக்கும் இடமுண்டு. அந்தக் கம்பெனியின் கிங்ஃபிஷர்தான் இன்று பெட்டிக்கடை மிக்சர் பாக்கெட்டுக்குத் துணை. நூறு வருடங்களில் ஆலை நம்முடையதானது. ருசியைப் பற்றிய பேச்சு நம்முடையதாகவில்லை.

5

நாக்கு இல்லாத ஊரா இது? கோயம்புத்தூர்க்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். சிறுவாணியா, பில்லூரா, போர்த் தண்ணியா என்று சொல்லிவிடுவார். உலகத்திலேயே ரெண்டாவது ருசியான தண்ணி சிறுவாணி என்று ஆதாரம் எதுவும் கேட்காமல் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். நிறமும் மணமும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பண்டத்துக்கே இவ்வளவு விமர்சனம் வைத்திருக்கும் ஊருக்கு, லாகரைப் பிரித்தறியத் தெரியாதா? பில்சன் நகரத்தாரின் பெருமையும் தண்ணீர்தானே.

கசப்பும் நமக்குப் புதிதல்ல. பாகற்காய்ப் புளிக்குழம்பில் அம்மா ஒரு துண்டு வெல்லம் போடுவது கசப்பைக் கொல்ல அல்ல, அதற்கு ஒரு தரை கொடுக்க. மால்ட்டின் இனிப்பு ஹாப்ஸுக்குச் செய்வதும் அதேதான். சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ ரசம், சிக்கரி தூக்கலான காபி என்று கசப்பை வேண்டி விரும்பிச் சாப்பிடும் ஆட்கள் நாம். "அளவான கசப்பு", "கடைசீல வர்ற கசப்பு" என்றெல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன் பேசுகிறோம். கிளாஸ் முன்னால் வாய் அடைத்துவிடுகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசியிலிருந்து கள் செய்யும் முறையை ஏறக்குறைய ஒரு செய்முறைக் குறிப்பாகவே தருகிறார். குத்தாத அரிசியைக் கூழாக்கி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளைநெல்லால் ஆன அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவது. முளைவிட்ட தானியம், ஆறவைத்தல், காத்திருத்தல் என மூன்றும் பீரின் இலக்கணம். அந்த உலகத்தில் கள், நறவு, மட்டு, தோப்பி, தேறல் எனத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. தேறல் என்றால் தெளிந்தது. வாரக்கணக்கில் கிடந்து தெளிகிற லாகருக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை நான் பார்க்கவில்லை. இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் பெயர்கள்: குவார்ட்டர், ஆஃப், ஃபுல். எல்லாமே அளவு.

6

இனி, இந்தக் கட்டுரையைப் படிக்கும் பாதிப் பேர் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். குடியால் குடும்பங்கள் அழியும் மாநிலத்தில் ஹாப்ஸ் மணத்தைப் பற்றி 2000 வார்த்தையா?

கேள்வி நியாயமானது. கொங்கு மண்ணுக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். 1971இல் அது தளர்ந்தது, பிறகு திரும்பி வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு முழுதாக வந்தது. கடைகளை மூடச் சொல்லிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலையில் செல்போன் கோபுரத்தில் நடத்திய போராட்டத்தில் இறந்தார். அவர் சேலம் மாவட்டத்துக்காரர்.

கைவினை பீர்க்காரர்கள் இங்கே ஒரு சுலபமான பதில் வைத்திருப்பார்கள்: ருசி தெரிந்தவன் அளவாகக் குடிப்பான். நான் அதைச் சொல்ல மாட்டேன். ருசி தெரிந்து குடித்து அழிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஹாப்ஸ் யாரையும் காப்பாற்றாது.

நான் சொல்வது அதைவிடச் சின்னது. நூறாண்டுகளுக்கு அருகில் நம் அரசியல் குடியைப் பற்றி இரண்டே கேள்விகள் கேட்டிருக்கிறது: திறப்பதா, மூடுவதா? எவ்வளவு வருமானம்? குடிப்பவனும் அதேபோல இரண்டே கேள்வி கேட்கிறான்: கூலிங்கா? ஸ்ட்ராங்கா? இரண்டு பக்கமும் பண்டத்தைப் பார்க்கவே இல்லை. வாய்க்குள் போவது என்ன, எதில் செய்தது, ஏன் இப்படி எரிகிறது என்று கேட்கத் தெரியாதவனிடம் எதையும் விற்கலாம். விற்கவும் செய்கிறார்கள். லேபிளில் 'ஸ்ட்ராங்' மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். எந்த ஹாப்ஸ், எவ்வளவு சர்க்கரை, எத்தனை ஐபியூ கசப்பு என்று கேட்டால் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

குடிக்காதவர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை, குடிக்காமலே இருங்கள். குடிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்தமுறை பெங்களூரிலோ வேறு எங்கோ ஒரு நல்ல பில்ஸ் முன்னால் உட்கார நேர்ந்தால், கிளாஸைப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு ஒரு வாய். வருவது கசப்பா, காறலா, கமறலா? போன பிறகு என்ன மிஞ்சுகிறது? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள், அதில் தப்பே இல்லை. எது பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.